செஞ்சோற்றுக் கடனும் சூப்பர் பவுலும்

தோற்ற அணியின் ஊரில் துரோகிக்குப் பஞ்சம் இருக்காது. ஆளைத் தேடிப் பிடிப்பதுதான் வேலை. 2025 ஜனவரி 18 இரவு, அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் அந்த வேலைகூட மிச்சமாகிவிட்டது. இரண்டு பேர் தயாராக இருந்தார்கள்.

முதலில் விளையாட்டைச் சொல்லிவிடுகிறேன். நாம் காலால் உதைக்கிற பந்து இல்லை இது. முட்டை வடிவப் பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓடுகிற அமெரிக்கக் கால்பந்து. அதன் முதன்மை லீக்கான என்எஃப்எல்லில் 32 அணிகள். 17 ஆட்டங்கள் முடிந்ததும் 14 அணிகள் பிளே-ஆஃப் சுற்றுக்குப் போகும். அங்கே ஒரு தோல்வி போதும், மூட்டை கட்ட வேண்டியதுதான். தோற்காமல் கடைசிவரை போனால் சூப்பர் பவுல்.

டெட்ராய்ட் லயன்ஸ் அணி கடைசியாகப் பட்டம் வென்றது 1957-இல். சூப்பர் பவுல் ஆடியதே இல்லை. அந்தப் பருவத்தில் 15 வெற்றி, இரண்டே தோல்வி என்று முதலிடம் பிடித்து, பிளே-ஆஃபின் முதல் வாரத்தில் ஓய்வும் வாங்கியிருந்தது. ஊர் மூன்று தலைமுறையாகக் காத்திருந்த வருடம். வாஷிங்டன் அணி வந்து 45-31 என்று அடித்துவிட்டுப் போனது.

ஓய்வு வாரத்தில் என்ன நடந்தது? டெட்ராய்ட்டின் தாக்குதல் பிரிவை நடத்திய துணைப் பயிற்சியாளர் பென் ஜான்சனும், தடுப்புப் பிரிவை நடத்திய ஏரன் கிளென்னும் வேறு அணிகளின் தலைமைப் பயிற்சியாளர் வேலைக்குக் காணொளியில் இன்டர்வியூ கொடுத்துக்கொண்டிருந்தார்கள். தோற்ற சில நாட்களிலேயே ஜான்சன் சிகாகோவுக்கும் கிளென் நியூயார்க் ஜெட்ஸுக்கும் தலைமைப் பயிற்சியாளர் ஆனார்கள். குற்றப்பத்திரிகை தானாகவே எழுதிக்கொண்டது: கவனம் சிதறியது, விசுவாசம் இல்லை, சோறு போட்ட அணியைக் கைவிட்டுவிட்டார்கள்.

இந்தக் குற்றச்சாட்டு வருடா வருடம் வேறு வேறு ஊரில் எழும். இதை ஒருமுறை உரைத்துப் பார்த்தால் என்ன?

கவனச்சிதறலில் இருந்து தொடங்குவோம். ஒன்று இன்னொன்றுக்குக் காரணம் என்றால், காரணம் இருக்கிற இடத்திலெல்லாம் விளைவும் இருக்க வேண்டும். காரணம் இருந்தும் பாதி இடங்களில் விளைவு இல்லையென்றால் அதற்குப் பெயர் காரணம் இல்லை, ராகு காலம்.

2018 பிப்ரவரி 4, சூப்பர் பவுல். நியூ இங்கிலாந்து அணியின் இரண்டு துணைப் பயிற்சியாளர்களுக்கும் வேறு ஊரில் நாற்காலி காத்திருப்பது ஊரறிந்த ரகசியம். தடுப்பைப் பார்த்துக்கொண்ட மேட் பட்ரீஷியாவுக்கு டெட்ராய்ட். தாக்குதலைப் பார்த்துக்கொண்ட ஜாஷ் மெக்டேனியல்ஸுக்கு இண்டியானாபொலிஸ். ஒரே அணி, ஒரே வாரம், ஒரே சபலம். பட்ரீஷியாவின் தடுப்பு 538 கெஜம் விட்டுக்கொடுத்து, 41 புள்ளிகள் வாங்கி நொறுங்கியது. மெக்டேனியல்ஸின் தாக்குதலோ 613 கெஜம் முன்னேறியது. குவார்ட்டர்பேக், அதாவது பந்தை எறிகிற ஆட்டக்காரர், டாம் பிரேடி அன்று எறிந்த 505 கெஜம் சூப்பர் பவுல் சாதனை. வேலை ஆசை ஒருவர் மூளையை மழுக்கி, பக்கத்தில் நின்றவர் மூளையைத் தீட்டியதா?

2023 பிப்ரவரி 12. பிலடெல்பியா அணி. மறுபடியும் இருவர், மறுபடியும் இருவருக்கும் வெளியே வேலை காத்திருக்கிறது. ஜோனதன் கேனனின் தடுப்பு இரண்டாம் பாதியில் மட்டும் கான்சஸ் சிட்டிக்கு 24 புள்ளிகள் கொடுத்தது. ஷேன் ஸ்டைக்கனின் தாக்குதல் 35 புள்ளிகள் எடுத்தது. சூப்பர் பவுலில் தோற்ற அணி எடுத்த அதிகபட்சம் அதுதான்.

2019 பிப்ரவரி 3 இன்னும் வேடிக்கை. இந்தமுறை இரண்டு அணிகளிலும் ஆள் இருந்தது. நியூ இங்கிலாந்தின் தடுப்பை இயக்கிய பிரையன் ஃபுளோரெஸுக்கு மயாமி. எதிரணி ராம்ஸின் குவார்ட்டர்பேக் பயிற்சியாளர் ஸாக் டெய்லருக்கு சின்சினாட்டி. இரண்டு நியமனங்களும் மறுநாளே அறிவிக்கப்பட்டன. முடிவு 13-3. ராம்ஸ் எடுத்தது மூன்றே புள்ளி. ஒருவருடைய சூப்பர் பவுல் சாதனை, மற்றவருடைய அவமானம். காரணம் இருவருக்கும் பொது.

இன்னும் பின்னால் போனால் சார்லி வைஸ். 2004 டிசம்பரிலேயே நோட்ர டேம் பல்கலைக்கழக அணி அவரைத் தலைமைப் பயிற்சியாளராக அறிவித்துவிட்டது. ஆனாலும் நியூ இங்கிலாந்தின் தாக்குதல் பிரிவைப் பிப்ரவரிவரை அவரே நடத்தினார். கையில் இரண்டு வேலை. அணி 24-21 என்று பட்டம் வென்றது. கவனச்சிதறல் பற்றி அன்று எவரும் வாய் திறக்கவில்லை. ஜெயித்தவன் வீட்டில் பல்லி சொன்னால் அது சகுனமாவதில்லை.

எதிர்த்தரப்பு எப்போதும் நீட்டுகிற சாட்சி ஒன்று உண்டு. அதையும் பார்த்துவிடுவோம். 2017 பிப்ரவரி 5, ஹூஸ்டன். அட்லாண்டா அணி மூன்றாவது குவார்ட்டரில் 28-3 என்று முன்னிலை. தாக்குதலை இயக்குபவர் கைல் ஷானஹன். சான் பிரான்சிஸ்கோ அணி அவரைத்தான் எடுக்கப்போகிறது என்று எல்லோருக்கும் தெரியும். முன்னிலை 28-20 ஆகக் கரைந்திருந்தது, ஆட்டம் முடிய ஐந்து நிமிடம்கூட இல்லை. அட்லாண்டா கையில் பந்து, எதிரணியின் 22-ஆவது கெஜக் கோட்டில். பந்தைப் பிடித்துக்கொண்டு மூன்றுமுறை தரையில் விழுந்தால்கூடப் போதும். உதைப்பவரை அனுப்பி மூன்று புள்ளி எடுத்தால் வித்தியாசம் 11. கிட்டத்தட்டப் பட்டம் கையில்.

முதல் முயற்சியில் ஓடினார்கள், ஒரு கெஜம் நஷ்டம். இரண்டாவதில் ஷானஹன் பந்தை எறியச் சொன்னார். எறிவதற்குள் குவார்ட்டர்பேக்கை மடக்கிப் போட்டார்கள், 12 கெஜம் நஷ்டம். அடுத்து ஒரு தவறுக்கு அபராதம், இன்னும் 10 கெஜம் பின்னால். மூன்று புள்ளிக்கான தூரமே கைநழுவியது. நியூ இங்கிலாந்து சமன் செய்து, கூடுதல் நேரத்தில் 34-28 என்று வென்றது. மறுநாள் சான் பிரான்சிஸ்கோ அறிவிப்பு வந்தது.

காட்சி கச்சிதமாகப் பொருந்துகிறது, இல்லையா? ஆனால் அந்த 28-இல் 21 புள்ளிகள் ஷானஹன் வகுத்த தாக்குதலில் வந்தவை. சான் பிரான்சிஸ்கோ வேலை முதல் பாதியிலும் அவர் மண்டைக்குள்தானே இருந்தது? பதவி ஆசை நான்காவது குவார்ட்டரில்தான் கண் விழித்ததா? அவர் எறியச் சொன்னது தப்பான கணக்கு என்று சொல்லுங்கள், ஒப்புக்கொள்கிறேன். தப்பான கணக்கைக் கெட்ட நடத்தை ஆக்காதீர்கள். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது. காக்கை வேறு மரம் தேடிக்கொண்டிருந்ததால்தான் விழுந்தது என்று சொல்வது மூடநம்பிக்கைக்கு மேல் மூடநம்பிக்கை.

இன்டர்வியூவால் யாருக்கும் ஒரு மணி நேரம்கூட வீணாகாது என்று நான் சத்தியம் செய்யவில்லை. அதற்கும் தயாராக வேண்டும், பேச வேண்டும், உள்ளுக்குள் படபடக்கும். நான் சொல்வது இவ்வளவுதான்: இந்த ஸ்கோர்கள் எதையும் நிரூபிக்கவில்லை. தோற்ற பிறகு காரணம் கண்டுபிடிப்பது ஜோசியர் தொழில்.

அடுத்த குற்றச்சாட்டு விசுவாசம். இங்கேதான் நமக்குத் தொண்டை அடைக்கும். ஏனென்றால் செஞ்சோற்றுக் கடன் என்று ஒன்றை நாம் காலம் காலமாகக் கும்பிட்டு வருகிறோம். தன் பக்கம் நியாயம் இல்லை என்று தெரிந்தும், சோறு போட்டவனுக்காக உயிரைக் கொடுத்த கர்ணன் நமக்குக் கண்ணீர் வரவழைக்கும் மாமனிதன். ஒரு கேள்வியை மட்டும் நாம் கேட்டதில்லை. கடன் என்றால் கணக்கு இருக்க வேண்டுமே, இந்தக் கடனுக்கு அசல் எவ்வளவு, எப்போது தீரும்? தீரவே தீராத கடனுக்குக் கொத்தடிமைத்தனம் என்று வேறு பெயர் உண்டு. சோறு போட்டவன் கணக்கு எழுதுவதில்லை. உண்டவன்தான் ஆயுள் முழுக்கத் திருப்பிக் கட்ட வேண்டும்.

அமெரிக்க அணிகளும் 'நாமெல்லாம் ஒரே குடும்பம்' என்றுதான் பேசும். அந்தக் குடும்பம் எப்படி நடக்கிறது? லீக் ஆட்டங்கள் முடிந்த மறுநாளுக்கு அங்கே 'கறுப்புத் திங்கள்' என்று பெயர். தலைமைப் பயிற்சியாளர்களை வேலையை விட்டு அனுப்பும் நாள். தலை போனால் அவரை நம்பிப் பெட்டி படுக்கையோடு குடிவந்த துணைப் பயிற்சியாளர்களில் பெரும்பாலோரும் போக வேண்டியதுதான். பிள்ளைகளுக்குப் பள்ளி ஆண்டு பாதியில் இருக்கிறதே என்று எந்த முதலாளியும் காத்திருப்பதில்லை. அதற்குப் பெயர் நிர்வாக முடிவு. துணைப் பயிற்சியாளர் தன் எதிர்காலத்துக்காக ஒரு காணொளி அழைப்பில் உட்கார்ந்தால் அதற்குப் பெயர் துரோகம்.

டான் குவின் என்ற ஒரே மனிதரைத் தொடர்ந்து போனால் இந்தக் கூத்து முழுதும் தெரியும். 2015-இல் அவர் சியாட்டிலின் தடுப்புப் பயிற்சியாளர். பிப்ரவரி 1 இறுதிப் போட்டியில் அவருடைய தடுப்பு கடைசி குவார்ட்டரில் 10 புள்ளி முன்னிலையைக் கோட்டைவிட்டது. மறுநாள் அட்லாண்டாவின் தலைமைப் பயிற்சியாளர். இரண்டு வருடம் கழித்து ஹூஸ்டனில் 28-3 கரைந்தபோது ஓரத்தில் நின்ற தலைமைப் பயிற்சியாளர் அவர்தான். இந்தமுறை சான் பிரான்சிஸ்கோ போகப்போகிறவர் அவருடைய துணைப் பயிற்சியாளர். அட்லாண்டாவைச் சூப்பர் பவுல் வெற்றியின் வாசல்வரை கொண்டுபோன குவினை, 2020 அக்டோபரில், முதல் ஐந்து ஆட்டங்களும் தோற்றவுடன், பருவம் முடியும்வரைகூடப் பொறுக்காமல் அந்த அணி வெளியே அனுப்பியது. முதலாளிக்கு அந்த உரிமை இருக்கிறது, நான் மறுக்கவில்லை. ஒப்பந்தம் இருவருக்கும் ஒப்பந்தம் என்கிறேன். ஒருவருக்கு ஒப்பந்தம், மற்றவருக்குப் பக்தி என்று இருக்க முடியாது.

டெட்ராய்ட்டுக்குத் திரும்புவோம். 'துரோகி' பென் ஜான்சன் அதற்கு முந்தைய வருடம் என்ன செய்தார் தெரியுமா? 2024 ஜனவரி இறுதியில் வாஷிங்டன் அணியினர் அவரைப் பார்க்க விமானத்தில் வந்துகொண்டிருந்தபோதே, வரவில்லை, டெட்ராய்ட்டிலேயே இருக்கிறேன் என்று சொல்லிவிட்டார். வாஷிங்டன் வேறு ஆளை எடுத்தது. அந்த ஆள் டான் குவின். டெட்ராய்ட்டில் வந்து 45 புள்ளி அடித்த அணி அவருடையது. செஞ்சோற்றுக் கடனை ஒரு வருடம் கட்டியதற்கு ஜான்சனுக்குக் கிடைத்த வட்டி இது!

விசுவாசம் என்பது எவ்வளவு வழவழப்பான சொல் என்பதற்கு மெக்டேனியல்ஸே சாட்சி. 2018-இல் இண்டியானாபொலிஸ் அவர் நியமனத்தை அறிவித்த அதே நாளில், வரமாட்டேன், பழைய அணியிலேயே இருக்கிறேன் என்று பின்வாங்கினார். அவரை நம்பி அந்த ஊர் அணியில் கையெழுத்துப் போட்ட துணைப் பயிற்சியாளர்கள் நடுத்தெருவில் நின்றார்கள். அணி அவர்களைக் கைவிடவில்லை என்பது வேறு கதை. ஒரு ஊருக்கு விசுவாசி, இன்னொரு ஊருக்கு வாக்குத் தவறியவர். என்னைக் கேட்டால், இந்த வரிசையிலேயே உண்மையான தவறு அது ஒன்றுதான். ஏனென்றால் அங்கே உடைந்தது கொடுத்த வாக்கு. யாரும் கொடுக்காத வாக்கை இன்டர்வியூ உடைப்பதில்லை.

அப்படியானால் இதில் எவருமே பாதிக்கப்படவில்லையா? பாதிக்கப்படுகிறவர் ஆட்டக்காரர். முட்டியும் தோளும் தேய்ந்து, வாழ்நாளில் ஒரேயொரு சூப்பர் பவுல் கிடைக்குமா என்று ஆடுகிறவர் அவர். தனக்கு வியூகம் வகுப்பவரின் முழு நேரமும் தனக்கு வேண்டும் என்று கேட்க அவருக்கு நியாயம் இருக்கிறது. ஆனால் அந்தக் கேள்வியை யாரிடம் கேட்பது?

என்எஃப்எல்லின் 32 தலைமைப் பயிற்சியாளர் நாற்காலிகளில் பெரும்பாலான ஆண்டுகளில் ஐந்திலிருந்து எட்டு காலியாகும். பெரும்பாலும் காலியாவது ஜனவரி தொடக்கத்தில். சூப்பர் பவுல் பிப்ரவரியில். இடையில் ஒரு மாதம். நான் பிப்ரவரிவரை காத்திருக்கிறேன் என்று ஒரு துணைப் பயிற்சியாளர் சொன்னால், அவர் இருக்கையில் இன்னொருவர் உட்கார்ந்திருப்பார். நாங்கள் காத்திருக்கிறோம் என்று ஒரு அணி மட்டும் சொன்னால், நல்ல ஆளைப் பக்கத்து அணி கொத்திக்கொண்டு போய்விடும். தனித்தனியாக யாரும் நல்லவராக இருக்க முடியாதபடி நாட்காட்டி பின்னப்பட்டிருக்கிறது. பிறகு தனித்தனியாக எல்லோரிடமும் நல்லொழுக்கம் எதிர்பார்க்கப்படுகிறது.

இந்த நாட்காட்டி எவரைத் தண்டிக்கிறது என்று பாருங்கள். கான்சஸ் சிட்டி அணியில் ஒரே தாக்குதல் பயிற்சியாளர் பொறுப்பில் அடுத்தடுத்து மூன்று பேர். டக் பீடர்சன்: 2016-இல் அணி இரண்டாம் சுற்றில் தோற்ற இரண்டாம் நாள் பிலடெல்பியாவின் தலைமைப் பயிற்சியாளர். மேட் நேகி: 2018-இல் முதல் சுற்றிலேயே 21-3 என்ற முன்னிலையைத் தொலைத்து 22-21 என்று தோற்ற இரண்டாம் நாள் சிகாகோவின் தலைமைப் பயிற்சியாளர். மூன்றாமவர் எரிக் பியெனிமி. ஐந்து பருவங்கள், ஐந்திலும் அணி அரையிறுதி ஆடியது, மூன்று சூப்பர் பவுல், இரண்டு பட்டம். இன்டர்வியூவுக்கு மேல் இன்டர்வியூ. வேலை எங்குமே கிடைக்கவில்லை. 2023-இல் வாஷிங்டனுக்குப் போனதும் துணைப் பயிற்சியாளராகத்தான். பியெனிமி கறுப்பினத்தவர். நாட்காட்டி மட்டும்தான் காரணம் என்று நான் சொன்னால் நானும் காக்கை-பனம்பழக் கட்சியில் சேர்ந்துவிடுவேன். ஆனால் சீக்கிரம் தோற்றவன் காலி இருக்கையை நோக்கிச் சீக்கிரம் நடக்கலாம், ஜெயித்துக்கொண்டே இருப்பவன் வரிசையில் கடைசி என்பது கண்ணுக்கு முன் இருக்கிறது.

அந்த இன்டர்வியூக்களும் எல்லாம் இன்டர்வியூக்கள்தானா? சிறுபான்மை இனத்தவரை அழைத்துப் பேசாமல் தலைமைப் பயிற்சியாளரை நியமிக்கக்கூடாது என்று 2003-இல் ஒரு விதி வந்தது. பிட்ஸ்பர்க் அணி உரிமையாளர் டான் ரூனியின் பெயரால் ரூனி விதி. நல்ல நோக்கம். 2019-இல் ராம்ஸை மூன்று புள்ளியில் கட்டிப்போட்ட அதே ஃபுளோரெஸ், மயாமியால் 2022 ஜனவரியில் வேலையை விட்டு அனுப்பப்பட்டு, பிப்ரவரி 1 அன்று நீதிமன்றம் போனார். அவரும் கறுப்பினத்தவர். நியூயார்க் ஜயன்ட்ஸ் தன்னை நேர்காணுவதற்கு மூன்று நாள் முன்பே, வேலை இன்னொரு பிரையனுக்கு, பிரையன் டேபாலுக்கு முடிவாகிவிட்டது என்பது அவர் குற்றச்சாட்டு. நியூ இங்கிலாந்தில் தன் தலைவராக இருந்த பில் பெலிசிக், பிரையன் பெயர்க் குழப்பத்தில் தனக்கு அனுப்பிவிட்ட வாழ்த்துச் செய்தியை ஃபுளோரெஸ் ஆதாரமாக வைத்தார். ஜயன்ட்ஸ் மறுத்தது. அவர் வழக்குப் போட்ட நாளில் 32 அணிகளில் கறுப்பினத் தலைமைப் பயிற்சியாளர் ஒரே ஒருவர்தான். நிச்சயதார்த்தம் முடிந்த பிறகு ஊருக்காகப் பெண் பார்க்கப் போகும் சடங்கோ இது என்று சந்தேகம் வராமல் இருக்குமா? ஒருவேளை சடங்காகவே முடியப்போகிற பேச்சுக்காக ஒருவர் 'துரோகி' பட்டமும் சுமக்க வேண்டும்.

அணிகள் விதியை மீறினால் என்ன ஆகிறது? பிலடெல்பியாவின் கேனனுடன், பேசத் தடை இருந்த நாட்களில் அரிசோனா அணியின் பொது மேலாளர் தொலைபேசியில் பேசியதை அந்த அணியே பின்னர் ஒப்புக்கொண்டது. இரண்டு அணிகளும் இளம் ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் வரிசையில் இடம் மாற்றிக்கொண்டு சமரசமாகின. பயிற்சியாளர் செய்தால் ஒழுக்கக்கேடு. முதலாளிகள் செய்தால் பண்டமாற்று.

என்எஃப்எல் சும்மா இருக்கவில்லை. இரண்டாம் சுற்று முடியும்வரை வேற்று அணிப் பயிற்சியாளரை நேரில் அழைக்கக்கூடாது, காணொளிதான் என்று இறுக்கியிருக்கிறது. வாசலைச் சாத்தி ஜன்னலைத் திறந்து வைத்தார்கள். பிப்ரவரிவரை காத்திருந்தால் புதிய பயிற்சியாளருக்கு அணியைக் கட்ட நேரம் போதாது என்பது முதலாளிகளின் வாதம். மெக்டேனியல்ஸ் கைவிட்ட இண்டியானாபொலிஸ், சூப்பர் பவுல் முடிந்து ஒரு வாரம் கழித்து ஃபிராங்க் ரைக்கை எடுத்தது. முதல் வருடமே அவர் 10 ஆட்டம் வென்று பிளே-ஆஃப் போனார். 2024-இல் கடைசியாக நிரப்பப்பட்ட இருக்கை வாஷிங்டனுடையது. அடுத்த ஜனவரியில் அவர்கள் டெட்ராய்ட்டில் என்ன செய்தார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். இரண்டு உதாரணம் ஒரு விதியை நிறுவாது. 'முடியவே முடியாது' என்ற சாக்கை உடைக்க இரண்டே போதும்.

வாசகருக்கு ஒரு வார்த்தை. வயிற்றுவலி என்று விடுப்பு எடுத்துக்கொண்டு இன்னொரு அலுவலகத்தில் இன்டர்வியூவுக்குப் போய் உட்கார்ந்த நாள் உங்கள் வாழ்விலும் இருக்கலாம். அன்று உங்களை நீங்கள் துரோகி என்று நினைத்திருக்க மாட்டீர்கள். அடுத்தமுறை எவரையாவது விசுவாசம் இல்லாதவர் என்று ஒருவர் சொன்னால், நாட்காட்டியை எழுதியது யார் என்று கேளுங்கள்.

இங்கே எழுதியவர்கள் 32 அணிகளின் உரிமையாளர்கள். சூப்பர் பவுல் முடியும்வரை எந்த அணியும் எந்தத் துணைப் பயிற்சியாளரிடமும் பேசக்கூடாது என்று ஒற்றை வரியில் விதி எழுதலாம். அந்த மேசையில் ஒரு விதியை மாற்ற 24 கைகள் உயர்ந்தால் போதும். இந்த விதிக்கு இன்னும் உயரவில்லை.